அம்மாவைப் பார்க்க வருபவளும் ஓர் அம்மாவின் மகள்

குடியேற்றக் கிராமங்களில் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் வேளையில் யாராவது ஒருவர் தயங்கி நின்று எம்மிடம் ஒன்றைக் கேட்பார். முன்பெல்லாம் அது காணி உறுதி பற்றியதாக இருக்கும். அல்லது கிணறு, விதைநெல், மிளகுக் கன்று பற்றியதாக இருக்கும். அண்மைக் காலமாக வேறொரு கேள்வியே அடிக்கடி வருகிறது. "அம்மாவ வீட்டோட தங்கிப் பார்க்க நல்ல ஆள் ஒண்ணு கிடைக்குமா?"

இந்தக் கேள்வியை நாம் சிறிதாக எண்ணக்கூடாது. முதியவர் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் அந்த வீட்டின் உழைப்பு, வருமானம், பிள்ளைகளின் படிப்பு, கணவன் மனைவி உறவு எல்லாமே ஆட்டம் காண்கின்றன. எனவே ஆள் எங்கே கிடைக்கும் என்பதற்கு முன், ஏன் தேடவேண்டி வந்தது, எப்படித் தேடுவது, வருபவரை எப்படி வைத்துக்கொள்வது என்பவற்றைச் சேர்ந்து சிந்திப்பது நல்லது.

கணக்கில் வராத இழப்பு

மாத்தளை மாவட்டம் இடப்பெயர்வை நன்கு அறிந்த மாவட்டம். 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் உண்டு. அவற்றுட் சில பின்னர் திரும்பி வந்தன, பல திரும்பவேயில்லை. மொரகஹகந்த நீர்த்தேக்கத்தில் 2017 சனவரியில் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 2018 யூலையில் களுகங்கை நீர்த்தேக்கமும் நிரம்பத் தொடங்கியது. லக்கலைப் பகுதியின் பழைய வயல்களும் கடைத்தெருவும் நீருக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையும் மண்சரிவும் இன்னும் பல குடும்பங்களை வீட்டை விட்டு வெளியேற்றின.

இப்படி வெளியேறியவர்களுக்கு நட்டஈடு வழங்கும்போது அதிகாரிகள் வீட்டை அளக்கிறார்கள். பலா மரத்தையும் தென்னையையும் எண்ணுகிறார்கள். வயலைப் பேர்ச்சஸ் கணக்கில் எழுதுகிறார்கள். ஆனால் அடுத்த வீட்டு அக்காவை யாரும் எழுதுவதில்லை. நாம் கொழுந்து பறிக்கவோ தோட்டம் கொத்தவோ போனபோது, நம் பாட்டிக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தவர் அவர்தான். லயத்துக் கோடியில் இருந்த தம்பி தாத்தாவைக் கைபிடித்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். கடைக்கார முதலாளி, "பெரியவரை இரண்டு நாளாகக் காணோமே" என்று விசாரித்தார். இதையெல்லாம் யாரும் பராமரிப்பு என்று அழைத்ததில்லை. ஆயினும் பத்துக் கைகள் சேர்ந்து ஒரு முதியவரைத் தாங்கிக்கொண்டிருந்தன.

புதிய இடத்தில் அந்தப் பத்துக் கைகள் இல்லை. உறவினர் ஒருவர் ஒரு திட்டத்திலும் மற்றவர் இன்னொரு திட்டத்திலும் காணி பெற்றிருக்கிறார்கள். இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். எஞ்சியிருப்பது இரண்டு கைகள். அவை பெரும்பாலும் மருமகளின் கைகள். அவையும் தளர்ந்த பின்னர்தான் "ஆள் கிடைக்குமா" என்ற கேள்வி பிறக்கிறது.

முதலில் முதியவரைக் கேட்போம்

நாம் கண்ட வீடுகளில் பெரும்பாலும் முடிவு இப்படித்தான் எடுக்கப்படுகிறது. மூத்த மகனும் வெளிநாட்டில் இருக்கும் மகளும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். பணம் யார் அனுப்புவது என்று தீர்மானிக்கிறார்கள். தரகர் ஒருவரிடம் சொல்லிவைக்கிறார்கள். அம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறார். அவரை ஒருவரும் கேட்கவில்லை.

உடல் தளர்ந்தாலும் மனம் தளராத முதியவர்கள் பலர். தம்மைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் யார் வருவது என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. நினைவு தடுமாறியவர்கள்கூட யாருடைய கையில் அமைதியாக இருக்கிறார்கள் என்பதை முகத்தில் காட்டுவார்கள். எனவே முதற் பேச்சு முதியவரோடு நடக்கட்டும்.

அடுத்து, என்ன உதவி தேவை என்பதை ஒரு கொப்பியில் எழுதிப் பார்ப்போம். காலை எழுந்தது முதல் மறுநாள் காலை வரை ஒரு முழு நாள் என்னென்ன நடக்கிறது? எழுந்து நடக்க முடியுமா? மலசலகூடத்துக்குத் தனியே போக முடியுமா? உணவைத் தானே உண்பாரா? மருந்து எத்தனை வேளை? இரவில் எத்தனை முறை எழுகிறார்? இப்படி எழுதும்போது சில வீடுகளில் ஓர் உண்மை வெளிப்படும். தேவைப்படுவது இரவும் பகலும் தங்கும் ஆள் அல்ல. காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் உதவி இருந்தாலே போதும். மலசலகூடத்துக்குப் போகும் வழியில் ஒரு கைபிடியும் இரவு விளக்கும் வைத்தால் பாதிப் பயம் தீர்ந்துவிடும்.

வேறு சில வீடுகளில் நிலைமை நேர்மாறானது. பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்தவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். அவரைப் படுத்த நிலையில் ஊட்டினால் உணவு சுவாசக் குழாயில் இறங்கக்கூடும். நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கவேண்டும். நீரிழிவு உள்ளவரின் பாதங்களைத் தினமும் பார்க்கவேண்டும். இவை பயிற்சியும் இரவு விழிப்பும் வேண்டிய வேலைகள். இதை ஒருவர் தனியாக மாதக்கணக்கில் செய்ய முடியாது. சம்பளம் வாங்குபவராலும் முடியாது, சொந்த மகளாலும் முடியாது.

நமக்குரிய உதவிகள்

ஆளை அமர்த்துமுன் நமக்கு உரித்தானவற்றைக் கேட்டுப் பெறுவோம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 60 வயதைக் கடந்த அனைவரையும் முதியோர் என்கிறது. பெற்றோரைக் கைவிடாது பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று அது கூறுகிறது. தம்மைத் தாமே பராமரிக்க முடியாத முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி விண்ணப்பிக்க ஒரு சபையும் இச்சட்டத்தின்கீழ் உண்டு. மகன், மகள் என்ற வேறுபாட்டை இச்சட்டம் காட்டவில்லை என்பதையும் கவனிப்போம்.

பிரதேச செயலகத்தில் முதியோர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரைச் சந்தித்து, முதியோர் அடையாள அட்டையும் உதவித்தொகையும் பற்றி விசாரிக்கவேண்டும். குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்துக்குப் பங்களித்தவர்கள் பழைய புத்தகத்தைத் தேடி எடுக்கவேண்டும். தோட்டத்தில் உழைத்தவர்களின் சேமலாப நிதி முழுவதும் வந்து சேர்ந்ததா என்பதையும் பார்க்கவேண்டும். இடம்பெயர்ந்த வீடுகளில் இத்தகைய பத்திரங்கள் தொலைந்திருப்பது வழக்கம். பத்திரம் தொலைந்தது என்பதற்காக உரிமையும் தொலைந்துவிட்டது என்று எண்ணி வாளாவிருக்கக்கூடாது.

இவற்றால் ஒருவரின் முழுச் சம்பளத்தையும் கொடுக்க முடியாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் மருந்துக்கும் சவர்க்காரத்துக்கும் துணிக்கும் கைகொடுக்கும்.

தூங்காதவள் எத்தனை நாளைக்கு?

இதற்குப் பின்னும் தங்கிப் பார்க்க ஆள் வேண்டும் என்றால், வருபவர் யார் என்பதைச் சற்று நினைப்போம். அவர் பெரும்பாலும் ஒரு தோட்டத்துப் பெண். அல்லது நம்மைப் போலவே காணி இழந்த குடும்பத்துப் பெண். தன் பிள்ளையை அல்லது தன் தாயை வேறொருவரிடம் விட்டுவிட்டே நம் வீட்டுப் படியேறுகிறார்.

நாம் அறிந்த ஒரு வீட்டில், தாயைப் பார்க்கத் தரகர் மூலம் வந்த பெண் பத்தொன்பதாம் நாள் சொல்லாமற் போய்விட்டார். மகன் கோபத்தோடு எம்மிடம் முறையிட்டார். "நம்பி வீட்டில் விட்டோம், நன்றி இல்லை" என்றார். உள்ளே படுத்திருந்த தாய் எம்மை அருகில் அழைத்து மெல்லச் சொன்னார்: "அந்தப் புள்ள ராவுல தூங்கவே இல்ல தம்பி. நாலு தரம் என்னைத் தூக்கி வச்சா. விடிஞ்சா சமையல், துணி, மாட்டுக்குப் புல்லு. தூங்காதவ எத்தன நாளைக்கு இருப்பா?"

அந்தத் தாய் கண்டதை வீட்டார் காணவில்லை. பராமரிக்க வந்தவரை வீட்டு வேலை முழுவதற்கும் ஆளாக்கிவிட்டார்கள். சமையலறை மூலையில் படுக்கச் சொன்னார்கள். வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வில்லை. அவர்கள் கொடுமைக்காரர் அல்லர், நல்ல மனிதர்கள்தான். தமக்கும் ஓய்வில்லாததால் மற்றவரின் ஓய்வை நினைக்கவில்லை.

ஆனால் நாம் நினைக்கவேண்டியவர்கள். எழுபதுகளின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிப்பெண்களாக நம் சகோதரிகளை அனுப்பி வந்தவர்கள் நாம். கடவுச்சீட்டைப் பறித்து வைத்தார்கள், சம்பளத்தைத் தள்ளிப் போட்டார்கள், நோயென்றாலும் படுக்கவிடவில்லை என்று அவர்கள் அழுதபோது நாமும் அழுதோம். 2021 யூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி எரிகாயங்களோடு வைத்தியசாலையில் இறந்தபோது மலையகம் முழுவதும் வீதிக்கு வந்தது. பிறர் வீட்டில் நம் பிள்ளைகளுக்கு எந்த நீதியைக் கேட்டோமோ, அதே நீதியை நம் வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு நாம் கொடுக்கவேண்டாமா? இதுவே எமது கேள்வி.

சட்டம் இங்கு நமக்கு அதிகம் வழிகாட்டவில்லை. வீட்டுப் பணியாளரைப் பதிவு செய்வதற்கு 1871இல் ஆக்கப்பட்ட கட்டளைச் சட்டம் எசமானரை மனதில் வைத்து எழுதப்பட்டது. சர்வதேச தொழில் தாபனம் 2011 யூனில் வீட்டுப் பணியாளர் பற்றிய 189ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. வேலையின் நிபந்தனைகள் பணியாளருக்குத் தெளிவாக விளங்க வேண்டும், இயன்றவரை எழுத்தில் இருக்கவேண்டும். வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும். அடையாளப் பத்திரங்கள் பணியாளரின் கையிலேயே இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது. அரசு செய்யும் வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. இவற்றை ஒரு வீட்டிலேயே தொடங்கலாம்.

ஒரு தாளில் எழுதுவோம்

ஆளை அமர்த்தும்போது இரு தரப்பும் புரிந்துகொள்ளும் மொழியில், ஒரே தாளில் இவற்றை எழுதிக்கொள்வோம்.

வயது: 18க்குக் குறைந்த எவரையும் இந்த வேலைக்கு அழைக்கவேண்டாம். வேலை செய்வதற்கான ஆகக் குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் ஒரு நோயாளியைத் தூக்கிப் பராமரிப்பது 16 வயதுப் பிள்ளையின் வேலை அல்ல.

வேலை: பராமரிப்பு மட்டுமா, சமையலும் உண்டா? எது உண்டு, எது இல்லை என்பதைச் சொல்லிவிடவேண்டும்.

சம்பளம்: எந்தத் திகதியில், எவ்வளவு, யார் கையில்? தரகர் கையில் அல்ல, வேலை செய்பவர் கையில். எவ்வளவு என்று தெரியாமல் தடுமாறுபவர்களுக்கு நாம் ஓர் அளவுகோலைச் சொல்வோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வேண்டும் என்று நாம் ஆண்டுக்கணக்காகக் குரல் கொடுத்து 2021இல் அதைப் பெற்றோம். பின்னர் அது மேலும் உயர்ந்தது. ஒரு பகல் வேலைக்கே அந்தச் சம்பளம் போதாது என்று சொன்ன நாம், இரவும் பகலும் இருப்பவருக்கு அதிலும் குறைத்துக் கொடுப்பது நியாயமாகாது.

ஓய்வு: வாரத்தில் ஒரு முழு நாள். பொங்கல், தீபாவளி, நத்தார் போன்ற தம் பண்டிகைக்கு வீடு செல்லும் விடுமுறை. அந்த நாட்களில் முதியவரை யார் பார்ப்பது என்பதையும் அதே தாளில் பெயரோடு எழுதவேண்டும். அங்கே ஒரு மகனின் பெயரும் இருக்கட்டும்.

தூக்கம்: படுக்க ஒரு பாயும் தலையணையும், கதவு சாத்தக்கூடிய இடமும். இரவில் பல முறை எழவேண்டியிருந்தால், பகலில் சில மணி நேரம் தூங்க விடவேண்டும்; அல்லது இரவைக் குடும்பத்தவர் பங்கிட்டுக்கொள்ளவேண்டும்.

உணவு: வீட்டார் உண்பதையே, வீட்டார் உண்ணும் வேளையிலேயே.

இந்தத் தாளுக்குக் கிராம முதியோர் சங்கமோ மாதர் சங்கமோ சாட்சியாக இருக்கட்டும். மாதத்தில் ஒரு முறை சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து முதியவரோடு தனியாகவும், பணியாளரோடு தனியாகவும் பேசட்டும். முதியவர் உடம்பில் காரணமில்லாத காயம், திடீர் மெலிவு, பயந்த பார்வை இருந்தால் அப்போதே தெரியவரும். முதியவரின் கோபத்தால் பணியாளர் அடியும் வசையும் வாங்கினாலும் தெரியவரும். கதவு மூடிய வீட்டில் இரண்டும் நடக்கக்கூடும் என்பதை மறைக்கவேண்டாம்.

இன்னுமொன்று. பராமரிப்புக்குக் கூலியாகக் காணியை எழுதிக் கொடுக்கும்படி முதியவரை வற்புறுத்தும் வழக்கம் சில இடங்களில் தலைகாட்டுகிறது. கேட்பவர் மகனாக இருந்தாலும் அயலாராக இருந்தாலும் இது தவறு. படுக்கையில் கிடப்பவரின் பெருவிரலைப் பிடித்து மை தடவுவதைப் பராமரிப்பு என்று சொல்ல முடியாது.

சம்பளமில்லாத பணியாளர்

பல வீடுகளில் வெளியாள் வருவதில்லை, வசதியும் இல்லை. அங்கே மருமகளோ மணமாகாத மகளோதான் தங்கிப் பார்ப்பவர். அவருக்குத் தாளுமில்லை, சம்பளமுமில்லை, வாராந்த ஓய்வுமில்லை. "அவள்தானே இருக்கிறாள்" என்ற ஒரு சொல்லோடு அவரது வாழ்க்கை முடித்துவைக்கப்படுகிறது. வெளியாளுக்கு நாம் சொன்ன ஓய்வும் தூக்கமும் இவருக்கும் உரியவை. வெளிநாட்டிலிருந்து அம்மாவுக்கென்று பணம் வந்தால், அதில் ஒரு பங்கு இவர் பெயரில் வங்கியில் வைப்புச் செய்யப்படட்டும். ஆண்கள் தந்தையைக் குளிப்பாட்டவும் தாய்க்கு ஊட்டவும் பழகட்டும். அதனால் எவருடைய மதிப்பும் குறைந்துவிடாது.

பத்துக் கைகளை மீண்டும் சேர்ப்போம்

கேரளத்தில் மலப்புறம், கோழிக்கோடு மாவட்டங்களில் 2000ஆம் ஆண்டையொட்டி ஒரு முயற்சி தொடங்கியது. சாதாரண கிராமத்தவர்கள் சிறிது பயிற்சி பெற்று, தம் அயலில் படுக்கையில் கிடப்போரை முறைவைத்துச் சென்று பார்த்தார்கள். தாதியரும் வைத்தியரும் பின்னால் நின்றார்கள். முன்னால் நின்றவர்கள் அயலவர்களே. 2008இல் கேரள அரசே அதை அடியொற்றி ஒரு கொள்கையை வகுத்தது. அவர்கள் நம்மைவிடப் பெரும் செல்வந்தர்கள் அல்லர்.

மரண உதவிச் சங்கம் இல்லாத கிராமம் நம்மிடம் இல்லை. இறந்தவருக்குப் பந்தல் போடவும் பெட்டி தூக்கவும் ஒரே இரவில் கூடுகிறோம். சீட்டுப் பிடிக்கவும் சிரமதானம் செய்யவும் தெரிந்த நாம், உயிரோடு இருக்கும் முதியவருக்காகவும் அப்படிக் கூட முடியாதா? ஒவ்வொரு குடியேற்றத்திலும் படுக்கையில் இருப்போர் எத்தனை பேர் என்று முதலில் எண்ணுவோம். வாரத்தில் ஒரு பிற்பகலைக் கொடுக்கக்கூடிய பத்துப் பேரைக் கண்டுபிடிப்போம். புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, புண்ணைக் கவனிப்பது ஆகியவற்றைக் கற்றுத்தரும்படி அருகிலுள்ள வைத்தியசாலையின் தாதியரை அழைப்போம். பராமரிப்பாளருக்கான தேசிய தொழில் தகைமைப் பயிற்சிக்கு விருப்பமுள்ள இளம் பெண்களையும் ஆண்களையும் அனுப்பி வைப்போம். அப்போது தங்கிப் பார்க்க ஆள் வேண்டிய வீட்டுக்கு, தரகர் கொண்டுவரும் அறிமுகமற்ற ஒருவர் அல்ல, தொழில் தெரிந்த நம் ஊர்ப் பிள்ளையே மதிப்போடும் சம்பளத்தோடும் வருவார். அவர் ஓய்வெடுக்கும் நாளில் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் கதவைத் தட்டுவார்.

வீடும் காணியும் இழந்த நாம் அவற்றை மீண்டும் கட்டியெழுப்பப் பாடுபட்டு வருகிறோம். அடுத்த வீட்டு அக்காவை எந்த அதிகாரியும் நட்டஈடாகத் தரமாட்டார். அவரை நாமே ஒருவருக்கொருவர் ஆகிக் கொள்ளவேண்டும். அடுத்த கூட்டத்தில் பாயைச் சுருட்டுமுன் இதைப் பேசுவோம்.